எந்த புரோகிராமிங் மொழியில் தொடங்குவது? கொழிஞ்சாம்பாறை வாசகிக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் பெயரும் சங்கத்தின் பெயரும் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டையும் விட்டுவிட்டேன். மற்றவர்களுக்கும் விஷயம் புரிய வேண்டும் என்பதால் கடிதத்தை மட்டும் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு பால் சொசைட்டியில் மூன்று வருஷமாகக் கணக்கு எழுதுகிறீர்கள். பி.காம். படித்திருக்கிறீர்கள். காலையும் மாலையும் 140 பேர் பால் ஊற்றுகிறார்கள். லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) மூன்றும் பதிவாகும். தீவனப் பிடித்தம், முன்பணம் எல்லாம் கழித்துப் பத்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. பாதிக் கணக்கு எக்செல்லில், பாதி நோட்டில். இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் கிடைக்கும். அதில் சொந்தமாக புரோகிராமிங் கற்றுக்கொள்ள ஆசை. வீட்டில் இருப்பது விண்டோஸ் 7 போட்ட பழைய லேப்டாப், 4 ஜி.பி. ரேம். கொச்சியில் வேலை பார்க்கும் உறவினர் ஜாவா படி என்கிறார். பாலக்காட்டில் ஒரு பயிற்சி மையத்தில், சி தெரியாமல் வேறு எதுவும் நிற்காது என்று சொல்லி ஃபீஸ் கேட்டிருக்கிறார்கள். தம்பி ஜாவாஸ்கிரிப்ட் என்கிறான். யூடியூப் திறந்தால் பைத்தான். "தப்பான மொழியை எடுத்து ஒரு வருஷம் வீணாகிவிட்டால் என்ன செய்வேன் அக்கா? இங்கிலீஷும் எனக்குத் தடுமாற்றம்" என்று முடித்திருக்கிறீர்கள்.

பைத்தானில் தொடங்குங்கள். குறைந்தது ஆறு மாதம் வேறு மொழிப் பக்கம் போகாதீர்கள். உலகத்தில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து இதைச் சொல்லவில்லை. நீங்கள் தினமும் கையில் வைத்திருக்கும் பால் கணக்கை வைத்துத்தான் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் வேறு வேலை இருந்திருந்தால் வேறு மொழியைச் சொல்லியிருப்பேன்.

என் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும், இந்த முடிவு எங்கிருந்து வருகிறது என்று புரியும். நான் எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கத்துக்காரி, பொள்ளாச்சிப் பக்கம். 1998-ல் பிளஸ் டூ முடித்ததும் பொள்ளாச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டார்கள். ஆறு மாதம் சி மொழி. வாரத்துக்கு ஒருநாள்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார முடியும். மீதி நாளெல்லாம் போர்டில் எழுதியதை நோட்டில் எழுதுவோம். பாயின்டர் (நினைவகத்தில் ஒரு இடத்தின் முகவரி) என்றால் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்பா தேங்காய் லோடு அனுப்புகிறவர். "இத்தனை படிச்சியே, இந்த மாசத்து லோடு கணக்கைப் போட்டுக் குடு கண்ணு" என்றார். என்னால் முடியவில்லை. அப்பா அதற்கப்புறம் கேட்கவில்லை, அதுதான் எனக்கு வலித்தது. நான் புரோகிராமிங் கற்றுக்கொண்டது அதற்கு மூன்று வருஷம் கழித்து, ஒரு நூல் மில் ஆபீஸில். எக்செல்லுக்குள் சின்னச் சின்ன மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யவைக்கும் கட்டளைகள்) எழுதி, மாதக் கடைசியில் இரண்டு நாள் பிடித்த வேலையை அரை மணி நேரமாக்கியபோதுதான். அங்கே எனக்குப் பாடம் எடுத்தவர்கள் யாரும் இல்லை. மில் கணக்கு தப்பாக வந்தால் உடனே தெரிந்தது, அவ்வளவுதான். சரியா தப்பா என்று சொல்லக்கூடிய ஒரு வேலை பக்கத்திலேயே இருந்ததால் கற்றுக்கொண்டேன்.

உங்களுக்கு அது இப்போதே இருக்கிறது. 140 பேர், ஒரு நாளைக்கு 280 பதிவு, பத்து நாளைக்கு 2,800 வரி. சரியான விடை நோட்டில் இருக்கிறது. சொந்தமாகப் படிக்கிறவர்களில் பலர் மாதக்கணக்கில் தேடியும் கிடைக்காத விஷயம் இது.

சரி, மற்ற மொழிகள் ஏன் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அவற்றைச் சொன்னவர்கள் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. அவரவர் வேலையிலிருந்து சொல்கிறார்கள்.

சி மொழியை 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதுவதற்கான கருவி அது. கம்ப்யூட்டரின் நினைவகத்தைக் கையால் தொட்டு வேலை செய்ய விடும். அதே காரணத்தால், பத்துப் பேருக்கு இடம் ஒதுக்கிவிட்டுப் பதினோராவது ஆளின் பாலை எழுதினால் அது உங்களைத் தடுக்காது. பக்கத்தில் இருந்த வேறு எதையாவது அழித்துவிட்டுப் பேசாமல் போகும். பால் பரிசோதிக்கிற மெஷினுக்குள் ஓடும் புரோகிராமை எழுதும் ஆள் ஆக வேண்டுமென்றால் சி வேண்டும். கணக்கெழுதும் உங்களுக்கு முதல் நாளே அந்தச் சுமை எதற்கு?

ஜாவா 1995-ல் வெளிவந்தது. பெரிய நிறுவனங்களில், வங்கிகளில் இன்றும் உழைக்கிறது. உங்கள் உறவினர் சொல்வது அங்கே சேருவதற்கான வழி. ஆனால் பெரும்பாலான ஜாவா பாடங்களில், திரையில் ஒரு வணக்கம் காட்டுவதற்கே ஐந்தாறு சொற்களை "இதெல்லாம் அப்புறம் புரியும், இப்போதைக்கு அப்படியே எழுது" என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். பக்கத்தில் ஆசிரியர் இருந்தால் பரவாயில்லை. தனியாகப் படிக்கிறவருக்கு, புரியாததை அப்படியே எழுதும் பழக்கம் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொள்ளக் கூடாது.

போனில் ஓடும் ஆப் செய்ய ஆசை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஆண்ட்ராய்டுக்கு கோட்லின் மொழியை முதன்மையாகக் கொள்வோம் என்று கூகுள் 2019-ல் அறிவித்தது. ஆனால் ஆப் எழுதப் பயன்படும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்ற மென்பொருளுக்குக் குறைந்தது 8 ஜி.பி. ரேம் கேட்பார்கள். உங்கள் லேப்டாப்பில் அது நகராது. இப்போதைக்கு வேண்டாம்.

தம்பி சொல்லும் ஜாவாஸ்கிரிப்ட் நல்ல யோசனைதான், எனக்கே கொஞ்சம் தயக்கம் இருந்தது. எந்த போனிலும் பிரவுசர் இருக்கும், எழுதியதை உடனே காட்டலாம். நீங்கள் கடைக்காரராக இருந்து, வாடிக்கையாளர் பார்க்க ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தால் அதையே சொல்லியிருப்பேன். பால் கணக்குக்கு அதில் ஒரு சிக்கல். எக்செல்லிலிருந்து எடுத்த 5 என்பது சில சமயம் எண்ணாக இல்லாமல் எழுத்தாக வந்துசேரும். அதோடு 3-ஐக் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 53 என்று ஒட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பைத்தான் அந்த இடத்திலேயே நின்று, எழுத்தையும் எண்ணையும் கூட்ட முடியாது என்று வரி எண்ணோடு சொல்லும். தனியாகப் படிக்கிறவருக்குத் தப்பு நடந்த இடத்திலேயே நிறுத்துகிற மொழி வேண்டும். எட்டு லிட்டர் 53 லிட்டர் ஆனால் உங்கள் கண்ணில் பட்டுவிடும், ஆனால் எல்லாத் தப்பும் அவ்வளவு பெரிதாக வராது.

பைத்தானை கீதோ வான் ரோசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுதத் தொடங்கினார், 1991-ல் வெளியிட்டார். அதற்கு முன்னால் அவர் ஆம்ஸ்டர்டாமில் ஏ.பி.சி. என்ற மொழியில் வேலை பார்த்தவர். புரோகிராமர் அல்லாதவர்களும் எளிதாகக் கற்க வேண்டும் என்றே வடிவமைத்த மொழி அது. அந்தக் குணம் பைத்தானில் இன்னும் இருக்கிறது. வரிகளைப் படித்தாலே பாதி புரியும்.

இங்கிலீஷ் பயத்துக்கு வருகிறேன். பைத்தானுக்கென்று ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 35. இஃப், எல்ஸ், ஃபார், வைல், இன், நாட், ஆண்ட், ஆர் என்று அதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. எக்செல்லில் இஃப் போட்டு ஃபார்முலா எழுதுகிறீர்கள் அல்லவா, அதுவே புரோகிராமிங்தான். மற்றப் பெயர்களை நீங்கள் வைப்பதுதான். பைத்தான் 3-ல் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம். பால்_அளவு, தீவனப்_பிடித்தம் என்று எழுதினால் அது ஏற்றுக்கொள்ளும். கீபோர்டை மாற்றி மாற்றி அடிப்பது சிரமமாக இருந்தால், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்ச் சொல்லை அடியுங்கள். முதல் இரண்டு மாதம் யாருக்காகவும் இங்கிலீஷ் பெயர் தேட வேண்டாம்.

முழுக்கத் தமிழிலேயே எழுதும் மொழி இல்லையா என்று சிலர் கேட்பார்கள். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' இருக்கிறது. கட்டளைச் சொற்களும் தமிழில்தான், அடியில் ஓடுவது பைத்தான். வீட்டுக் குழந்தைகளுக்குக் காட்ட நல்லது. ஆனால் நீங்கள் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால், அதே இடத்தில் மாட்டி மீண்டவர் எழுதி வைத்த பதில் இருக்க வேண்டும். அது பைத்தானுக்கு மிக அதிகம்.

பதில் கிடைப்பதில் எல்லைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, அதை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். உங்களுக்குத் தமிழ் வகுப்பும் புரியும், மலையாள வகுப்பும் புரியும். ஒரு விஷயம் தமிழில் கேட்டுப் புரியவில்லை என்றால் அதே தலைப்பை மலையாளத்தில் கேளுங்கள். மொழி மாறுவதாலேயே விளக்கும் விதம் மாறும். அப்புறம், அண்ணன் மகள் தமிழ் மீடியத்தில் ஒன்பதாவது படிக்கிறாள் என்றீர்கள். கேரள உயர்நிலைப் பள்ளி ஐ.சி.டி. (கம்ப்யூட்டர்) பாடத்தில் பைத்தான் இருக்கிறது. அவள் புத்தகத்தை வாங்கிப் புரட்டுங்கள். பள்ளிக் கம்ப்யூட்டர்களில் கேரள அரசின் கைட் அமைப்பு தரும் லினக்ஸ் (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) ஓடுகிறது, அதில் பைத்தான் கூடவே வரும். ஒன்பதாவது படிக்கிற பெண்ணிடம் சந்தேகம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். வீட்டுக்குள்ளேயே ஒரே மொழியை இரண்டு பேர் படிப்பது எந்த ஃபீஸ் கொடுத்தாலும் கிடைக்காது. மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது, கையில் இருக்கும் வேலைக்கு அடுத்தபடியாக நான் பார்க்கிற இரண்டாவது விஷயம் இதுதான்: கூப்பிடு தூரத்தில் யார் இருக்கிறார்கள்?

'தப்பான மொழி' பயத்துக்கும் உங்கள் ஊரே பதில் சொல்லும். வீட்டில் தமிழ், சொசைட்டிக் காகிதத்தில் மலையாளம். இரண்டாவதைக் கற்க உங்களுக்கு ஒரு வருஷம் ஆகியிருக்காது. வாக்கியம் எப்படி நிற்கும் என்பது முன்பே தெரியும், சொல்லும் முடிவும்தான் மாறின. புரோகிராமிங் மொழிகளும் அப்படித்தான். நிபந்தனை (இப்படியானால் இது), சுற்று (ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது), பட்டியல், செயற்கூறு (பெயர் வைத்த ஒரு வேலைத் துண்டு), இந்த நாலும் பைத்தானில் புரிந்தால் ஜாவாவில் போய் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. ஏமாற்றும் சொற்கள் மட்டும் உண்டு. மலையாளத்தில் வெள்ளம் கேட்டால் குடிக்கத் தண்ணீர் வரும், பொள்ளாச்சியில் வெள்ளம் என்றால் ஆறு பெருகிவிட்டது என்று அர்த்தம். அதேபோல 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் பைத்தான் 3 மொழியில் 3.5 வரும். அதே குறியைப் போட்டு சி-யிலும் ஜாவாவிலும் இரண்டு முழு எண்களை வகுத்தால் 3 மட்டும் வரும், மிச்சம் விழுந்துவிடும். இந்த மாதிரி இடங்களைப் பின்னால் கவனமாகக் கடக்க வேண்டும். அதற்காக ஒரு வருஷம் வீணாகாது.

இப்போது வேலைக்கு வருவோம்.

விண்டோஸ் 7-ல் ஓடக்கூடிய கடைசிப் பதிப்பு பைத்தான் 3.8. அதற்கு மேலுள்ளதை இறக்கினால் நிறுவ முடியாமல் குழம்புவீர்கள். கற்பதற்கு 3.8 தாராளமாகப் போதும். எழுதிப் பார்க்க தோனி என்ற எளிய எடிட்டர் இருக்கிறது, எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் தொடக்கக்காரர்களுக்காகவே உருவானது. நம் கிரிக்கெட் தோனி இல்லை, எழுத்து வேறு, பெயர் மட்டும் காதில் அப்படி விழும். ஒவ்வொரு வரியாக ஓட்டி, எந்தப் பெயரில் எந்த எண் இருக்கிறது என்று காட்டும். கொஞ்ச நாள் கழித்து அதே லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன, அதில் சொசைட்டி வேலையை நெட்டில் திறந்து வைப்பது நல்லதில்லை. பைத்தானும் தோனியும் லினக்ஸும் இலவசம். ஃபீஸ் கட்டும் யோசனையை இப்போதைக்கு விடுங்கள்.

வீடியோவில் ஒரு எச்சரிக்கை. பழைய பைத்தான் 2 பாடங்கள் இன்னும் சுற்றுகின்றன. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு அதன் ஆதரவு முடிந்தது. பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறி போடாமல் எழுதினால் அது பழைய பாடம். மூடிவிட்டு வேறு பாருங்கள்.

முதல் வாரம் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு வேளை. லிட்டர், ஃபேட், லேக்டோமீட்டர் (பாலின் அடர்த்தி பார்க்கும் கருவி) அளவு மூன்றையும் கேட்டு வாங்கி, எஸ்.என்.எஃப். கண்டுபிடித்து, ரூபாய் சொல்லும் புரோகிராம். லேக்டோமீட்டர் அளவை நாலால் வகுத்து, ஃபேட்டில் ஒரு பங்கையும் ஒரு நிலையான எண்ணையும் கூட்டும் வாய்பாடு உங்களுக்குத் தெரியும். அந்தப் பங்கும் எண்ணும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது, ஆகவே நெட்டில் தேடாமல் உங்கள் சங்கத்தில் பயன்படுத்துவதையே எழுதுங்கள். பத்து வரி வராது. நோட்டில் இருக்கும் நேற்றைய பதிவுகள் இருபதைக் கொடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது மாதம் சுற்று. எக்செல்லிலிருந்து சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்து, ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். இங்கேதான் எல்லோரும் முதலில் விழுவார்கள். கோப்பிலிருந்து வரும் எல்லாமே பைத்தானுக்கு எழுத்துதான், எண்ணாக மாற்றும்படி நீங்கள் சொல்ல வேண்டும். அதில் ஒரு நன்மையும் உண்டு. உறுப்பினர் எண் 007 என்று எக்செல்லில் அடித்தால் அது 7 ஆகிவிடும், பைத்தானில் எழுத்தாகவே விட்டால் 007 அப்படியே நிற்கும்.

அதற்கப்புறம் டிக்ஷனரி என்ற அமைப்பு. உறுப்பினர் எண்ணைச் சொன்னால் அவருடைய பத்து நாள் மொத்தத்தைத் தரும். நீங்கள் நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள் இல்லையா, அதேதான்.

பைசாவில்தான் நீங்கள் மிக மிகக் கவனமாக இருக்க வேண்டும். பல முதல் பாடங்களில் இதை அழுத்திச் சொல்வதில்லை, ஆனால் அடுத்தவர் பணத்தைத் தொடுகிற உங்களுக்கு முதல் பாடத்திலேயே வேண்டும். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். இது பைத்தானின் கோளாறு இல்லை, ஜாவாஸ்கிரிப்டிலும் இதேதான். கம்ப்யூட்டர் பின்னங்களை இரண்டடிமானத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் வைக்கிறது. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று எழுதினால் எப்படி முடியவே முடியாதோ, அதுபோல பத்தில் ஒரு பங்கு இரண்டடிமானத்தில் முடியாது. எங்கோ வெட்டித்தான் வைக்கும். அதன் விளைவு, 2.675-ஐப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கமாகச் சுருக்கச் சொன்னால் நீங்கள் எதிர்பார்க்கும் 2.68 வராது, 2.67 வரும். இன்னொன்று, 2.5-ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் பைத்தான் 2 என்று சொல்லும், 3.5-ஐக் கேட்டால் 4 என்று சொல்லும். சரிபாதியில் நின்றால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போவது அதன் விதி. உங்கள் சொசைட்டியில் ஐம்பது பைசா வந்தால் மேலே ஏற்றுவதுதான் வழக்கம் என்றால் இரண்டும் ஒத்துவராது.

ஒரு பைசாதானே என்று விட்டுவிடாதீர்கள். 140 பேர், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 30 நாள், ஆக மாதம் 8,400 பதிவு. எல்லாம் ஒரே பக்கமாக ஒரு பைசா தவறினால் 84 ரூபாய் கணக்கில் இடிக்கும். தொகை சின்னது. ஆனால் நோட்டும் கம்ப்யூட்டரும் ஒத்துப்போகவில்லை என்று ஒருமுறை பேச்சு வந்துவிட்டால், பால் ஊற்றுகிறவர்கள் கம்ப்யூட்டரை நம்ப மாட்டார்கள், உங்களையும். வழி இருக்கிறது. டெசிமல் என்ற தொகுதி பைத்தானோடு கூடவே வரும், நாம் பேப்பரில் போடுவதுபோலப் பத்தடிமானத்தில் கணக்குப் போடும், மேலே ஏற்றுவதா கீழே இறக்குவதா என்பதையும் நீங்களே சொல்லலாம். பெருக்கி வந்த தொகையைப் பைசாவாக்கி முழு எண்ணாக வைத்துக்கொண்டு, கடைசியில் ரூபாயாகக் காட்டுவதும் நல்ல பழக்கம்.

பெயர் வரிசையிலும் ஒரு குழி இருக்கிறது. தமிழில் பட்டியல் போட்டு அகர வரிசைப்படுத்தச் சொன்னால் கனகா முன்னாலும் கமலா பின்னாலும் வருவார்கள். நம் அகராதியில் மகரம் னகரத்துக்கு முன்னால் வரும், னகரம்தான் கடைசி மெய்யெழுத்து. ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் யூனிகோடில் ன-வை ந-வுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், பைத்தான் அந்த எண் வரிசையைத்தான் பார்க்கும். 'பால்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று கேட்டால் 4 என்று சொல்லும், கால் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி. இவற்றைச் சரிசெய்ய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பு இருக்கிறது. இன்றைக்கு வேண்டாம், நாலு மாதம் கழித்துத் தேவைப்படும். உறுப்பினர் எண் வரிசையில் வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையே வராது.

பிழைச் செய்தி வந்தால் பயப்படாமல் கீழிருந்து படியுங்கள். கடைசி வரியில் என்ன தப்பு என்று இருக்கும், அதற்குச் சற்று மேலே எந்த வரி என்று இருக்கும். ஒரு நோட்டுப் போட்டு, வந்த பிழையையும் நீங்கள் செய்த திருத்தத்தையும் எழுதி வையுங்கள். முதல் மாதம் பெரும்பாலும் மூன்று நாலு பிழைதான் திரும்பத் திரும்ப வரும்: பெயரில் எழுத்துப் பிழை, வரி முன்னால் விட்ட இடைவெளி ஒத்துப்போகாதது, எண்ணாக மாற்ற மறந்தது.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிழைச் செய்தியைக் கொடுத்து "இது என்ன சொல்கிறது, தமிழில் விளக்கு" என்று கேளுங்கள், நல்ல பயன் உண்டு. முழுப் புரோகிராமையும் எழுதி வாங்க வேண்டாம், முதல் ஆறு மாதமாவது. அது எழுதித் தருவது சரியா என்று சொல்ல உங்களுக்கு இன்னும் கண் பழகவில்லை. எதைக் கேட்டாலும் உறுப்பினர்களின் பெயர், போன் நம்பர், பேங்க் அக்கவுண்ட் எதையும் அதில் போடாதீர்கள். அது அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தது. பழகுவதற்கு எப்போதும் நகல் கோப்பு, அதிலும் பெயர்களை மாற்றி.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஒரு வருஷம் இரவில் ஒரு மணி நேரம் படித்தால் உடனே ஐ.டி. கம்பெனியில் வேலை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் ஆள் எடுக்க உட்காரும்போது சர்டிஃபிகேட்டை அதிகம் பார்ப்பதில்லை. நீ செய்த ஒன்றைக் காட்டு, அது எங்கே உடைந்தது, எப்படிச் சரி செய்தாய் என்று கேட்பேன். பாடத்தில் வந்த பயிற்சியை மட்டும் செய்தவர்கள் அங்கே தடுமாறுவார்கள். 140 பேரின் பட்டுவாடாவை ஒரு பைசா பிசகாமல் போட்டவர் அரை மணி நேரம் பேசுவார். இப்போதைய வேலையை விடாதீர்கள். உங்கள் பாடப்புத்தகமே அந்த வேலைதான்.

புரோகிராம் சரியாக ஓடினாலும் மூன்று மாதம் நோட்டையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்பது பட்டுவாடா இரண்டும் ஒத்துப்போகட்டும், அப்புறம் செயலாளரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி, உங்கள் கடிதத்தில் விடை இல்லாதது. ஒருவருக்கு மாடு கறவை வற்றிப்போய் அந்தப் பத்து நாள் பால் குறைவு, ஆனால் தீவனம் இரண்டு மூட்டை எடுத்திருக்கிறார். பிடித்தம் பால் பணத்தைவிட அதிகமாகிவிட்டது. அப்போது என்ன செய்வீர்கள்? கையில் பூஜ்யம் கொடுத்து மீதியை அடுத்த பட்டுவாடாவுக்குத் தள்ளுவீர்களா, வீட்டுச் செலவுக்கு என்று கொஞ்சம் கொடுத்துவிட்டுப் பிடிப்பீர்களா? நோட்டில் எழுதும்போது ஆளைப் பார்த்து நீங்களே முடிவு செய்திருப்பீர்கள். பைத்தான் ஆளைப் பார்க்காது, மைனஸில் ஒரு தொகையைக் காட்டிவிட்டு அடுத்தவருக்குப் போய்விடும். சங்கத்தில் பெரியவர்களைக் கேட்டு, இதற்கு என்ன வழக்கம் என்று தமிழில் நாலு வரி எழுதிக்கொண்டு, பிடித்தப் பகுதியை அதற்குப் பிறகு தொடங்குங்கள். அந்த நாலு வரியை எனக்கும் அனுப்புங்கள், அதை எப்படி இஃப், எல்ஸ் ஆக்குவது என்று அடுத்த பதிலில் சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் அக்கா